ஒரு கேள்விக்குப் பிந்திய பதில்

(நூற்றாண்டு விழாவின் ஓர் அங்கமாக நடைபெற்ற தொழில் வழிகாட்டல் அமர்வில் ஆற்றப்பட்ட உரை)



சென்ற ஆண்டு இதே மண்டபத்தில் தொழில் வழிகாட்டல் நாள் நடந்தது. பழைய மாணவியர் நால்வர் மேடையில் இருந்தோம்: ஒரு வைத்தியர், ஒரு பொறியியலாளர், ஒரு கணக்காளர், ஒரு விரிவுரையாளர். எந்தப் பீடத்துக்கு எவ்வளவு வெட்டுப்புள்ளி, எந்தப் பரீட்சைக்கு எப்போது விண்ணப்பிப்பது என்றெல்லாம் விளக்கினோம். கேள்வி நேரத்தில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "நாய்களைப் பயிற்றுகிற தொழிலுக்கு என்ன படிக்க வேணும்?" என்று கேட்டாள்.

மண்டபம் சிரித்தது. பிள்ளைகள் சிரிப்பார்கள், அது பெரிய காரியமல்ல. ஆனால் மேடையில் இருந்த நாங்களும் சிரித்தோம். எங்களில் ஒருவர், "முதலிலை நாயை ரியூசனுக்கு அனுப்ப வேணும்" என்று பகிடியும் விட்டார். அந்தப் பிள்ளை பேசாமல் இருந்துவிட்டாள். அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம்.

அன்றிரவு தொலைபேசியில் பேசிக்கொண்டபோதுதான் நால்வருக்கும் ஒன்று உறைத்தது. அந்தக் கேள்வியில் பகிடி எதுவும் இருக்கவில்லை. எங்களிடம் பதில்தான் இருக்கவில்லை. பதில் தெரியாத பெரியவர்கள் சிரித்துத் தப்பிக்கொண்டோம். கேள்வி கேட்கப் பழக்கிய பாடசாலையின் மேடையில் இருந்துகொண்டு ஒரு கேள்வியை அவமதித்துவிட்டோம்.

இந்த ஆண்டு மருத்துவக் கல்வி பற்றிப் பேசும்படி சங்கம் அழைத்தபோது, பழைய கடன் ஒன்று இருக்கிறது, அதைத் தீர்க்க அனுமதியுங்கள் என்று கேட்டோம். ஒரு வருடமாகத் தேடியும் வாசித்தும் விசாரித்தும் அறிந்துகொண்டதை இங்கு சொல்கின்றோம்.

முதலில் அந்தப் பிள்ளையைத் தேடிப் போனோம். மன்னிப்புக் கேட்கத்தான் போனோம். போன இடத்தில் பாடம் படித்துக்கொண்டு வந்தோம். அவளுடைய ஒழுங்கையில் ஜிம்மி என்று ஒரு நாய். யாருடையதும் அல்ல, எல்லார் வீட்டுச் சோறும் தின்னும். சைக்கிளைக் கண்டால் துரத்தும். ஒரு வயோதிபர் விழுந்து கையை முறித்துக்கொண்டார். நஞ்சு வைப்போம் என்று ஒழுங்கைக்காரர் பேசத் தொடங்கினார்கள். "ரண்டு மாசம் தாங்கோ எண்டு கேட்டனான் அக்கா" என்றாள்.

அவள் செய்தது இதுதான். சைக்கிள் போகும் தெருவிலிருந்து நல்ல தூரத்தில், நாய் சைக்கிளைக் காணும் ஆனால் எழும்பி ஓடாது என்ற அளவான தூரத்தில், அதனோடு இருந்தாள். சைக்கிள் தெரிந்தவுடன் நாக்கால் 'டொக்' என்று ஒரு சத்தம், உடனே ஒரு துண்டுக் கருவாடு. சைக்கிள் போய் மறைந்ததும் கருவாடும் இல்லை. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெருவுக்குக் கிட்டப் போனாள். ஆறாவது கிழமை சைக்கிள் மணி கேட்டவுடன் நாய் தெருவைப் பார்க்காமல் அவளுடைய முகத்தைப் பார்க்கத் தொடங்கியது. நாங்கள் போன அன்று பின்னேரம் பாடசாலை விட்டுப் பிள்ளைகள் வரிசையாகச் சைக்கிளில் போனார்கள். ஜிம்மி மதிலோரம் குந்தியிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் ஓர் ஓட்டோ வந்தது. எழும்பிக் குரைத்துக்கொண்டு ஓடியது. "ஓட்டோப் பாடம் இன்னும் தொடங்கேல்லை அக்கா" என்றாள்.

அடித்துப் பார்க்கவில்லையா என்று கேட்டோம். "அடிச்சா எனக்குத்தான் பயப்படும். நான் இல்லாத நேரம் துரத்தும்" என்றாள்.

தங்கையரே, இந்த ஒரு வசனத்துக்குள் நூறு ஆண்டு விஞ்ஞானம் இருக்கிறது. ரஷ்ய நாட்டு உடற்றொழிலியலாளர் பவ்லோவ், சமிபாடு பற்றிய ஆய்வுக்காக 1904 இல் நோபல் பரிசு பெற்றவர். உணவுக்கு முன்னால் வரும் சைகைக்கே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறுவதை அவர் ஆராய்ந்தார். சைக்கிள் என்றால் கருவாடு என்று ஜிம்மியின் உடல் கற்றுக்கொண்டது அந்த வழியில்தான். அமெரிக்காவில் தோர்ண்டைக் 1898 இல் பூனைகளை வைத்தும், பின்னர் ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்தும் காட்டியது இன்னொன்று: நல்ல விளைவைத் தந்த செயலை விலங்கு திரும்பச் செய்யும். அவள் நாக்கால் எழுப்பிய 'டொக்' சத்தத்துக்குப் பதிலாக உலகமெங்கும் பயிற்றுநர்கள் 'கிளிக்கர்' என்ற சிறு கருவியைப் பயன்படுத்துகிறார்கள். 'இப்போது நீ செய்ததுதான் சரி' என்று அந்தக் கணத்திலேயே சொல்வதற்குத்தான் அது. சில விநாடி பிந்தினாலும் நாய் வேறு எதற்கோ பரிசு கிடைத்தது என்று விளங்கிக்கொள்ளும்.

பெண்கள் பாடசாலை என்றபடியால் இதையும் சொல்ல வேண்டும். இந்தத் துறையை உருவாக்கியவர்களில் பெண்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள். ஸ்கின்னரின் மாணவியான மரியன் பிறீலண்ட், 1943 இல் தம் கணவரோடு சேர்ந்து விலங்குகளைப் பயிற்றும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். இடையில் நின்ற படிப்பை விடாமல் பல ஆண்டுகளின் பின் கலாநிதிப் பட்டமும் பெற்றார். ஹவாயில் டொல்பின்களைப் பயிற்றிய கரன் பிறையர், தம் அனுபவத்தை 1984 இல் 'டோன்ட் ஷூட் த டோக்' என்ற நூலாக எழுதினார். டொல்பினுக்குக் கழுத்துப்பட்டி கட்டி இழுக்க முடியாது. அது விரும்பி வந்தால்தான் பாடம். அந்த வழி பின்னர் நாய்களுக்கும் வந்தது. பிரித்தானியாவில் பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்களின் முதல் நான்கு சோடிகள் 1931 இல் வொலசி என்ற ஊரில் பயிற்சியை முடித்தன. அதற்கு அடியெடுத்துக் கொடுத்தவர்கள் மியூரியல் குறூக், றோசமண்ட் பொண்ட் என்ற இரண்டு பெண்கள்.

சரி, இதற்கு என்ன படிக்க வேண்டும்?

முதலில் ஒரு கசப்பான உண்மை. வைத்தியருக்கும் தாதிக்கும் இருப்பது போன்ற பதிவுச் சபை நாய்ப் பயிற்றுநருக்கு எமது நாட்டில் இல்லை. வேறு பல நாடுகளிலும் நிலைமை இதுதான். ஜேர்மனியில் 2014 முதல் இத்தொழிலைச் செய்ய அதிகாரிகளின் அனுமதி வேண்டும், அது விதிவிலக்கு. மற்றப்படி எவரும் நாளைக்கே ஒரு பலகை எழுதித் தொங்கவிடலாம். வைத்தியர்களாகிய எங்களுக்கு இதைக் கேட்கப் பயமாக இருந்தது. ஏனெனில் தவறாகப் பயிற்றப்பட்ட நாயின் பல் கடைசியில் எங்கள் வைத்தியசாலையில்தான் வந்து தெரியும். ஆகவே, சட்டம் கேட்காவிட்டாலும் தன்னைத் தானே படிப்பிக்கும் பொறுப்பு இந்தத் தொழிலுக்கு வருபவளுடையது. ஒழுங்கை விஞ்ஞானியாக இருப்பவள் தொழில்வல்லவராக மாறுவது அந்த இடத்தில்தான்.

முதற்படி பாடசாலையிலேயே இருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் படித்தால் பல கதவுகள் திறந்திருக்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியம் படிக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது; அங்கே விலங்கு விஞ்ஞானத்துக்கு ஒரு துறை உண்டு. கலைப்பிரிவு மாணவியர் மனம் தளர வேண்டாம். உளவியலும் கற்பித்தற் கலையும் இத்தொழிலின் பாதி. வர்த்தகம் படித்தவருக்கும் இடம் உண்டு. பெரும்பாலான பயிற்றுநர்கள் சுயதொழில் செய்பவர்கள். கணக்குப் பார்க்கத் தெரியாமல் மூடிய நல்ல பயிற்சி நிலையங்களும் இருக்கும்.

இரண்டாவது படி கைப்பழக்கம். இங்கே ஒரு நல்ல செய்தி சொல்கிறோம். உலகின் பெயர்பெற்ற பயிற்றுநர்கள் பலர் கோழியை வைத்துப் படித்தவர்கள். மரியனும் அவருடைய இரண்டாவது கணவர் பொப் பெய்லியும் நடத்திய வகுப்புகளில் மாணவர்களிடம் கொடுக்கப்பட்டது கோழி. நிறவட்டங்கள் பலவற்றில் ஒன்றை மட்டும் கொத்தப் பழக்க வேண்டும். கோழி வெருண்டால் பறந்துவிடும், மன்னிக்காது. பயிற்றுபவரின் கை ஒரு கணம் பிந்தினால் பிழையான வட்டத்தைக் கொத்தப் பழகிவிடும். நாய் எங்கள் பிழைகளைப் பொறுத்துக்கொள்கிறது. அதனால் எங்கள் பிழை எங்களுக்குத் தெரிவதில்லை. கோழி உங்கள் வளவிலேயே நிற்கிறது தங்கையரே. கட்டணம் ஒரு பிடி நெல்.

மூன்றாவது படி பார்க்கப் பழகுதல். வாலை ஆட்டும் நாயெல்லாம் சந்தோசமான நாய் அல்ல. உடல் விறைத்து வாலை உயர்த்தி ஆட்டினால் தள்ளி நில்லுங்கள். உணவு இல்லாதபோது உதட்டை நக்குவது, நித்திரை வராதபோது கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் 'என்னைக் கொஞ்சம் விடுங்கோ' என்ற பேச்சு. உறுமல் அதன் கடைசி எச்சரிக்கை. உறுமினதற்கு அடித்தால் நாய் உறுமுவதைத்தான் நிறுத்தும், பயத்தை நிறுத்தாது. "ஒரு சத்தமும் இல்லாமல் கடிச்சுப்போட்டுது டொக்டர்" என்று சொல்லிக்கொண்டு வரும் பெற்றோரிடம் மெல்ல விசாரித்தால், உறுமியதற்காக எத்தனையோ தடவை அடிவாங்கிய நாய் என்று தெரியவரும். ஆசைப்பட்டுக் கடித்த நாய்களை நாங்கள் அதிகம் அறியோம்.

நான்காவது படி நூலறிவும் பழைய கதைகளை மறத்தலும். 'நாய்க்கு எசமான் யார் என்று காட்ட வேண்டும்' என்ற எண்ணத்துக்குப் பின்னால் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பற்றி 1947 இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம் என்று ஆராய்ச்சியாளர் டேவிட் மெக் 1999 இல் எழுதினார். தாம் முன்னர் எழுதியதையே திருத்தினார். விலங்கு நடத்தைக்கான அமெரிக்க மிருக வைத்தியர் சங்கம் 2021 இல், எல்லாப் பயிற்சிக்கும் பரிசு வழியையே பரிந்துரைத்தது. மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டியை வேல்ஸ் 2010 இலேயே தடைசெய்துவிட்டது. குட்டியின் வயது இன்னுமொரு முக்கியமான பாடம். மூன்றாம் கிழமைக்கும் ஏறத்தாழப் பதினான்காம் கிழமைக்கும் இடையில் எதைக் கண்டு பழகுகிறதோ அதைப் பற்றிய பயம் பின்னர் குறைவு. எங்கள் வீடுகளில் அந்தக் காலத்தில்தான் குட்டியைச் சங்கிலியில் கட்டி மூலையில் விடுகிறோம். பிறகு ஆட்களைக் கண்டால் கடிக்கிறது என்று குறைப்படுகிறோம்.

ஐந்தாவது படி ஒருவரிடம் தொழில் பழகுதலும் சான்றிதழும். அமெரிக்காவில் இயங்கும் தொழில்முறை நாய்ப் பயிற்றுநர் சான்றளிப்புச் சபை 2001 இல் தொடங்கப்பட்டது. அதன் அடிப்படைச் சான்றிதழுக்கு 18 வயதும் பாடசாலைக் கல்வியும், கடந்த மூன்று வருடங்களில் குறைந்தது 300 மணித்தியாலப் பயிற்றல் அனுபவமும் வேண்டும். அதன்பின் பரீட்சை. சித்தியடைந்தாலும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை தொடர்கல்வி மூலம் புதுப்பிக்க வேண்டும். பிரித்தானியாவில் விலங்கு நடத்தை, பயிற்சிக்கான பேரவை ஒன்று தகுதி பெற்றவர்களின் பதிவேட்டை வைத்திருக்கிறது. மேலே படிக்க விரும்பினால் எடின்பறோ, லிங்கன் பல்கலைக்கழகங்களில் விலங்கு நடத்தையில் முதுமாணிப் பட்டங்கள் உண்டு. மிருக வைத்தியராகி, அதன்மேல் நடத்தை மருத்துவத்தில் விசேட பயிற்சி பெறுவது மிக நீண்ட பாதை. எங்கள் துறையில் மனநல வைத்தியர் ஆவதற்கு ஒப்பானது அது.

சீருடைப் பாதையும் உண்டு. இலங்கைப் பொலிசின் நாய்ப் பிரிவு கண்டி அஸ்கிரியவில் இருக்கிறது. அங்கே நாயைக் கையாள்பவர் முதலில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர். இராணுவத்திலும் இப்படித்தான். போர் முடிந்தபின் எமது மண்ணில் கண்ணிவெடி தேடியவர்களோடு மோப்ப நாய்களும் நடந்தன. வெடிமருந்தின் வாசனை வந்த இடத்தில் அசையாமல் இருந்து காட்டுவதுதான் அவற்றின் வேலை. ஒருவர் அந்த நாயைப் பிழையாகப் பயிற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இத்தொழிலை நாங்கள் பகிடியாக நினைத்ததற்கு வேறு பதில் தேவையில்லை.

வைத்தியர் என்ற முறையில் மூன்று கட்டளைகள். இத்தொழிலுக்கு வருபவர் விசர்நாய்க்கடி நோய்க்கு எதிரான தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்கு வர வேண்டும். மஞ்சளும் கோப்பித்தூளும் வேண்டாம். அமைதியான நாய் திடீரென்று சீறத் தொடங்கினால் பாடத்தை நிறுத்தி மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். காதிலோ பல்லிலோ மூட்டிலோ நோ இருக்கலாம். நோவுக்குப் பயிற்சி மருந்தல்ல.

பெற்றோரே, உங்கள் கவலையும் எங்களுக்குத் தெரியும். நிரந்தர நியமனம் இல்லை, ஓய்வூதியம் இல்லை, 'நாயோடை திரியிறவள்' என்ற பேச்சு வேறு. அந்தக் கவலையை இல்லை என்று சொல்ல மாட்டோம். இந்த நாட்டில் இதற்கான வேலை பெரும்பாலும் கொழும்பைச் சுற்றித்தான் கிடைக்கும். முதல் சில வருடங்களுக்கு இன்னொரு வருமானமும் வேண்டிவரும். ஆகவே ஒரு பட்டமோ டிப்ளோமாவோ கையில் இருக்க, இதையும் சேர்த்துப் பழகுவது புத்தி. பயிற்றுநரின் நேரத்தில் பெரும்பகுதி நாயோடு போவதில்லை, நாய்க்காரரோடுதான் போகிறது. வீட்டாருக்குப் பொறுமையாக விளங்கப்படுத்துபவளே நல்ல பயிற்றுநர். அது ஆசிரியத் தொழில். ஆசிரியத் தொழிலை இந்தப் பாடசாலை ஒருபோதும் தாழ்வாக நினைத்ததில்லை.

கடைசியாக ஒன்று. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு எங்கள் வகுப்பில் அநேகமானோருக்குப் பதினைந்து வயது. மழைக்குள், நாவற்குழிப் பாலத்தை நோக்கி வலிகாமமே நடந்தது. புறப்படும்போது நாய்களின் சங்கிலியை அவிழ்த்துவிட்டோம். சிலது கொஞ்சத் தூரம் கூட வந்தது. சனநெரிசலில் எங்கே விட்டோம் என்று எங்களில் எவராலும் சொல்ல முடியாது. மாதங்கள் கழித்துத் திரும்பியபோது, ஒரு சிலரின் வாசலில் எலும்பும் தோலுமாய் அது நின்றது. பலரின் வாசலில் ஒன்றும் நிற்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் ஒருவரோடொருவர் பேசியதில்லை. மனிதருக்கே அழ நேரமில்லாத காலம் அது. இன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிநாடு போகிறோம். பூட்டிய கேற்றடியில் இன்னும் நாய் படுத்திருக்கிறது. ஒழுங்கையில் நிற்கும் ஜிம்மிகள் பலதும் அப்படி யாரோ விட்டுப்போனவைதான், அல்லது அவற்றின் பிள்ளைகள்.

ஆகவே வெளியூரில் வாழும் அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டுக்கு மண்டபம் கட்டித் தருகிறீர்கள், நன்றி. உங்கள் நகரத்தில் தகுதிபெற்ற பயிற்றுநர் ஒருவரைத் தெரிந்தால், இங்குள்ள ஒரு மாணவியோடு இணைய வழியில் மாதம் ஒரு மணித்தியாலம் பேசச் சொல்லுங்கள். நூல்நிலையத்துக்கு இத்துறையின் நல்ல நூல்கள் நாலு அனுப்புங்கள். விடுமுறைக்கு வந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு திரும்பும்போது, கேற்றடி நாய்க்கு ஒரு வழி செய்துவிட்டுப் போங்கள்.

அந்த மாணவி இன்று இங்கே வரவில்லை. உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டுப் பெறுபேறுக்காக இருக்கிறாள். அழைத்தபோது, பின்னேரம் ஓட்டோப் பாடம் இருக்கிறது, ஒரு நாள் விட்டாலும் பின்னுக்குப் போய்விடும் என்றாள். சரி என்றோம். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.